மூணாற்றில் பெண்கள் பேசிய ஒன்பது நாட்கள்

2015 செப்டம்பர் முதல் வாரத்தில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாற்றில், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மலைக்குப் போகாமல் ஊருக்குள் இறங்கி வந்தார்கள். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன்னால் சாலையிலேயே உட்கார்ந்தார்கள். முதலில் சில நூறு பேர், பிறகு ஆயிரக்கணக்கானோர். கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை நின்றுபோனது. எந்தத் தொழிற்சங்கமும் அவர்களை அழைத்து வரவில்லை. எந்தக் கட்சிக்கொடியும் அவர்கள் கையில் இல்லை. ஒன்பதாம் நாள், போனஸாகக் கேட்ட 20 சதவீதம் கிடைத்த பிறகுதான் எழுந்தார்கள்.

‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஏட்டுத் தமிழில் நாம் ‘ஒற்றுமை’ என்றிருப்போம். இலக்கணத்தில் ஒருமை என்றால் பன்மைக்கு எதிர்ச்சொல். சாலையை நிறைத்து உட்கார்ந்த அத்தனை பேரும் தங்களை ஒருமையில் சொல்லிக்கொண்டது, பார்த்த மாத்திரத்தில் என் மனத்தில் தங்கிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். மூணாற்று மலை எங்களுக்கு மேற்கே தெரிகிற மலை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தேன். என் பெரியம்மா வேறொரு மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஆகவே இந்தப் போராட்டத்தை நான் தூரத்துச் செய்தியாகப் படிக்கவில்லை. இது எப்படி வென்றது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் கூடியவரை நேர்மையாக எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

மலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காட்டை வெட்டித் தோட்டமாக்க ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். மாநில எல்லைகள் மொழிவாரியாக வகுக்கப்பட்டபோது அவர்கள் கேரளத்துக்குள் இருந்தார்கள். தமிழ் பேசும் கேரளத்தவர் ஆனார்கள். ஐந்தாம் தலைமுறை இன்று அங்கே இருக்கிறது.

2005-இல் டாடா டீ நிறுவனம் தோட்டத்தை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது இப்போதைய நிறுவனம் உருவானது. பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களிடம் விற்கப்பட்டது. கொழுந்து எடுக்கும் பெண்களும் பங்குதாரர்கள். பத்து வருடம் கழித்து அவர்கள் போய் உட்கார்ந்தது, காகிதத்தில் தங்களுக்கும் உரிமையுள்ள ஒரு வாசலில்தான். பங்குப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. கணக்கு எழுதுவது அவர்களுக்குத் தெரியாத அறையில் நடந்தது.

அந்த வாசலுக்கு அவர்களைக் கொண்டுவந்தது ஒரு சதவீதக் கணக்கு. முந்தைய ஆண்டு போனஸ் 19 சதவீதம். 2015-இல் 10 சதவீதம் என்று நிறுவனம் அறிவித்தது. தேயிலை விலை சரிந்துவிட்டது, லாபம் குறைந்துவிட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம். விலை சரிந்தது உண்மைதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் போனஸ் என்பது பண்டிகைச் செலவுக்கான பணம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கோபம் புரியாது. அன்றைய தினக்கூலி 232 ரூபாய். அதில் அரிசி, மளிகை, மருந்து, பிள்ளைகளின் பஸ் கட்டணம் எல்லாம் போய் மாதக் கடைசியில் கடைக்காரரின் நோட்டில் கடன் எழுதப்படும். அந்தக் கடனை வருடத்துக்கு ஒருமுறை அடைப்பது போனஸ். பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது போனஸ். அடகு வைத்த கம்மலை மீட்பது போனஸ். ஒரு வருடம் முழுக்க அந்தப் பணத்தின் மீதுதான் குடும்பங்கள் கடன் வாங்கியிருக்கும். அதில் பாதி கிடையாது என்று ஓர் அறிவிப்பு சொன்னபோது, அந்தப் பாதி ஏற்கெனவே செலவாகி முடிந்திருந்தது.

இதற்கு முன்பும் போனஸ் குறைந்த ஆண்டுகள் உண்டு. அப்போதெல்லாம் சங்கங்கள் பேசின, பேசி முடித்தன, பெண்கள் மறுபடி மலைக்குப் போனார்கள். இந்த முறை ஏன் போகவில்லை என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. அதற்கு என் பெரியம்மா பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

கொழுந்து எடுப்பவரின் கையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மாவின் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் கறுத்து, குறுக்கே கோடு கோடாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் ஏறிய தேயிலைக் கறை சோப்புக்கும் புளிக்கும் போகாது. விசேஷ வீடுகளில் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, தலையிலிருந்து முதுகில் மூட்டையைத் தொங்கவிட்டு, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று நாள் முழுக்க எடுக்க வேண்டும். மழையில் அட்டை ஏறும். ஒதுங்க மறைவிடம் கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்த நாட்கள் அதிகம் என்பார்.

மாலையில் எடை. மூட்டையைத் தராசில் மாட்டியதும் எழுத்தர் ஓர் எண்ணைச் சொல்வார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுள்ள எண் அது. ஒரு நாள் பெரியம்மாவுக்கு 23 கிலோ என்று எழுதினார்கள். மூட்டையைச் சுமந்து வந்த முதுகுக்கு அது 23 அல்ல என்று தெரியும். “முள் எங்கே நிற்கிறது என்று எனக்குக் காட்டுங்கள் ஐயா” என்று கேட்டிருக்கிறார். வரிசை நின்றுபோனது. எழுத்தர் பதில் சொல்லவில்லை. எங்கிருந்தோ சங்கக்காரர் வந்து, “நீங்கள் சும்மா இருங்கள் அக்கா, நான் பேசிக்கொள்கிறேன்” என்று அவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். பேசினாரா என்று தெரியாது. மறுநாளும் எடை அப்படியேதான் கழிந்தது. “அந்த எழுத்தர் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. வாயைத் திறந்தது நான். மூடியது நம்முடைய ஆள்” என்று இன்றும் சொல்வார்.

மூணாற்றில் 2015-இல் வெடித்தது இந்தக் கோபம்தான் என்று நான் நினைக்கிறேன். அங்கே காங்கிரஸ், மார்க்சிஸ்ட், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிகளைச் சார்ந்த மூன்று பெரிய சங்கங்களும் வலுவாக இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலைவர்கள் ஆண்கள். சந்தா பெண்களின் கூலியிலிருந்து போனது. நிறுவனம் கொடுத்த வீடுகளிலும் சலுகைகளிலும் தலைவர்கள் வாழ்கிறார்கள் என்று பெண்கள் மைக்கின் முன் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். முழக்கங்களிலும் அது எதிரொலித்தது. உழைப்பும் கொழுந்து மூட்டையும் எங்களுக்கு, பணமூட்டை உங்களுக்கு. இடிந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு) எங்களுக்கு, ஏசி பங்களா உங்களுக்கு. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியம், உங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மீடியம் என்பதுதான் அவற்றின் சாரம். அந்த ‘உங்கள்’ என்ற சொல்லில் நிர்வாகமும் இருந்தது, சங்கமும் இருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து, அந்த இடத்திலேயே கட்டிய வரிகள் அவை.

தலைவர்கள் வந்தார்கள். பெண்கள் திருப்பி அனுப்பினார்கள். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரும் சங்கத் தலைவருமான எஸ். ராஜேந்திரனையும் அவர்கள் ஏற்கவில்லை. அவர் தனியாக உண்ணாவிரதம் தொடங்க வேண்டியதாயிற்று. தமிழ்த் தீவிரவாதிகள் பின்னால் இருக்கிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. கூலிக்காரப் பெண்கள் தாங்களே யோசித்து இப்படி ஒன்றைச் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்று சில பெயர்கள் அப்போதுதான் வெளியே தெரிய வந்தன. மூவரும் தோட்டத் தொழிலாளிகள்.

வீட்டு ஆண்களை அவர்கள் முன்வரிசைக்கு வரவிடவில்லை. கைகலப்பு ஏதாவது நடந்தால் அதையே சாக்காக வைத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. இதை நான் பெரிய அரசியல் அறிவாகவே பார்க்கிறேன். எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றதல்ல. குடித்துவிட்டு வருகிற ஆணை வாசலிலேயே சமாளித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, மறுநாள் விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் வரிசைக்கு) போய் நிற்கிற பெண்களுக்கு, ஒரு சண்டை எங்கே தொடங்கும், எப்படித் தடுக்கலாம் என்பது அன்றாடப் பாடம்.

ஒருவரை மட்டும் தங்கள் நடுவில் உட்கார அனுமதித்தார்கள். செப்டம்பர் 13 அன்று எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தார். அப்போது அவருக்கு வயது 91. அவரும் ஒரு கட்சிக்காரர்தான். ஆனால் தீர்வு வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அவர்களோடு அமர்ந்தார். மற்ற தலைவர்கள் பேச வந்தார்கள். இவர் உடன் இருக்க வந்தார். பெண்கள் அந்த வேறுபாட்டைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார்கள்.

அன்றிரவு கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் ஒப்பந்தம் ஆனது. பெண்களின் பிரதிநிதிகளும் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். மொத்தம் 20 சதவீதம். அதில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை.

இந்தப் பிரிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்று நடப்பிலிருந்த 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், உச்சவரம்பு 20 சதவீதம். சட்டம் கட்டாயப்படுத்திய குறைந்த அளவை மட்டும் போனஸ் என்று எழுதிவிட்டு, மீதி அனைத்தையும் கருணை என்று எழுதினார்கள். பணம் கைக்கு வந்தது, அது பெரிய விஷயம். கடைக்காரரின் நோட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உரிமை என்று கேட்டதில் பாதிக்கு மேல் இரக்கத்தின் பேரில் பதிவானது. அடுத்த ஆண்டு அதையே உரிமையாகச் சுட்டிக்காட்டிக் கேட்க முடியாது. பேச்சுவார்த்தையில் தொகையை வெல்வது ஒரு திறமை, சொல்லை வெல்வது இன்னொரு திறமை. ஒன்பது நாள் சாலையில் இருந்துவிட்டு வந்தவர்களிடம் இரண்டாவதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டிய குறை இது.

கூலி விஷயம் வேறு மாதிரிப் போனது. பெண்கள் கேட்டது நாளுக்கு 500 ரூபாய். அதை முடிவு செய்யும் இடம் தோட்டத் தொழிலாளர் குழு. நிர்வாகங்களும் பதிவு பெற்ற சங்கங்களும் அரசும் உட்காரும் மேசை அது. பெம்பிளை ஒருமை அப்போது பதிவு பெற்ற சங்கமல்ல; அந்தக் குழுவில் அது உறுப்பினரும் அல்ல. செப்டம்பர் கடைசியில் சங்கங்கள் தங்கள் வேலைநிறுத்தத்தைத் தனியாகத் தொடங்கின. பெண்கள் தனியாக மறுபடி சாலைக்கு வந்தார்கள். அக்டோபர் 14 அன்று முடிவு வந்தது: தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381.

232 ரூபாய் 301 ஆனது. 69 ரூபாய் உயர்வு. கிட்டத்தட்ட 30 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதே முடிவில், நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. வகுத்துப் பாருங்கள். முன்பு கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு. பின்பு 12 ரூபாய் 4 காசு. அத்தனை நாள் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்ததற்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய். கூடுதல் நான்கு கிலோவை எடுக்கப் போவது அதே விரல்கள். இந்தக் கணக்கை நான் பெரியம்மாவிடம் சொன்னபோது, “நான்கு கிலோ என்றால் எவ்வளவு நேரம் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

போனஸ் பேச்சில் பெண்கள் உள்ளே இருந்தார்கள். கூலி முடிவான மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. கூலி என்பது மாநிலம் முழுக்க எல்லாத் தோட்டங்களையும் தொடுகிற விஷயம், 500 என்பது இரட்டிப்பைத் தாண்டிய கோரிக்கை. இருந்தாலும், 25 கிலோ என்ற எண்ணை ஒரு கொழுந்து எடுக்கும் பெண் உட்கார்ந்திருந்த அறையில் அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதன் பிறகு நடந்தவற்றை வைத்துத்தான் பலர் இதைத் தோல்வி என்கிறார்கள். 2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள்; கோமதி தேவிகுளம் ஒன்றியப் பஞ்சாயத்துக்கு வென்றார். பிறகு கருத்து வேறுபாடுகள் வந்தன. கோமதி மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்த சங்கமான சிஐடியூவில் சேர்ந்தார், அங்கிருந்தும் விலகினார். 2016 சட்டமன்றத் தேர்தலில் நின்ற ராஜேஸ்வரிக்கு மிகச் சொற்பமான வாக்குகளே கிடைத்தன. ஆயிரக்கணக்கில் கூடியவர்கள் சிறு குழுவாகச் சுருங்கினார்கள்.

இது ஏன் என்று கேட்டால், நிறையப் பேர் ‘பெண்களுக்குள் பொறாமை’ என்ற சுலபமான பதிலைக் கையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆண்கள் நடத்திய கட்சிகள் எத்தனை முறை உடைந்திருக்கின்றன. அதற்கு யாரும் பொறாமை என்று பெயர் வைப்பதில்லை. ஒரு சங்கத்தை அன்றாடம் நடத்த அலுவலகம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், லயத்து ஓட்டை, மருத்துவமனைச் சீட்டு, கிராஜுவிட்டி பாக்கி என்று தினமும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட நேரம் வேண்டும். பழைய சங்கங்களிடம் முழுநேர ஆட்கள் இருந்தார்கள். காலை முதல் மாலை வரை மலையிலும் அதன் பிறகு அடுப்படியிலும் இருக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்? ஒன்பது நாள் அடுப்பையும் பிள்ளைகளையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது மாதம் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணம் லயம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலேயே வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று சொன்னது. நல்ல சட்டம். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதனால் அம்மா ஓய்வு பெறும்போது மகளோ மருமகளோ கொழுந்துக்கு வந்தாக வேண்டும். படித்த பெண்கள்கூடத் தாய் தந்தைக்குக் கூரை இருக்க வேண்டும் என்பதற்காக மலை ஏறியிருக்கிறார்கள். ஓரளவுக்கு மேல் எதிர்த்துப் பேசினால் என்ன போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூலி போகும் என்ற பயத்தோடு ஒருவர் போராடிவிடலாம். கூரை போகும் என்ற பயத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடுவது வேறு.

இதையெல்லாம் மீறி அவர்கள் திரும்பத் திரும்ப எழுந்தார்கள். 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டத்தைப் பற்றி இழிவாகப் பேசினார் என்று கோமதியும் மற்ற சிலரும் மூணாற்றில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கூட்டம் சிறியது. ஆனால் தங்கள் மானத்தைப் பற்றி ஓர் அமைச்சர் பேசியதற்குப் பதில் சொல்ல அவர்கள் யாரையும் முன்னே அனுப்பவில்லை, தாங்களே போய் உட்கார்ந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. அதே நிறுவனத்தின் தோட்டம். கொட்டும் மழையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருந்த வீடுகள் என்பதால், அடுத்தடுத்த வாசல்களில் இருந்த உறவுக்காரர்கள் மொத்தமாகப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் அங்கே வந்தபோது, கோமதி அவருடைய வாகனத்தை மறிக்கச் சாலைக்கு வந்தார். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் கேட்டது தோட்டத் தொழிலாளருக்குச் சொந்தமாக நிலமும் வீடும். 2015-இல் சதவீதக் கணக்கில் தொடங்கிய பேச்சு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பெரியம்மா ஓய்வு பெற்றபோது, லயத்துச் சாவியை ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் பணிக்கொடைப் பணம் கைக்கு வந்தது. இப்போது போடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். பெட்டிமுடிச் செய்தி வந்த அன்று தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் மண்ணும் தகரமும் மட்டும் தெரிந்தன. எத்தனை பேர் என்று செய்தியாளர் சொல்வதை அவர் கேட்கவில்லை. “எத்தனை லயம்? எத்தனை லயம் என்று சொல்கிறார்களா?” என்று என்னைக் கேட்டார். ஒரு வரிசைக்கு எத்தனை வாசல் இருக்கும், ஒரு வாசலுக்கு எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று, கறை போகாத அந்த விரல்களை மடக்கி மடக்கி அவரே எண்ணிக்கொண்டிருந்தார்.